நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு கடற்கரைக்கு: சென்னை முதல் கன்னியாகுமரி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவலி, பக்கவாதம், இடுப்பு அறுவை சிகிச்சை, வயது என்று காரணம் எதுவாக இருந்தாலும், வீட்டில் ஒருவருக்கு நடை குறைந்துவிட்டால் குடும்பச் சுற்றுலாவே நின்றுபோகிறது. நிற்க வேண்டியதில்லை. மலைவாசஸ்தலத்தைவிடக் கடற்கரை இவர்களுக்குப் பொருத்தமானது: ஏற்றம் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே பார்க்க எதிரில் கடல் இருக்கிறது. கிழக்குக் கரையை மனதில் வைத்து, குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டிலேயே இருக்கேன்" என்கிறார் அம்மா. வற்புறுத்தலாமா?

வற்புறுத்தாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். வழியில் கழிப்பறை கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம், தன்னால் எல்லோருக்கும் தாமதம் ஆகிறதே என்ற கூச்சம், கடைசியில் தன்னை மட்டும் காரில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள் என்ற அனுபவம். மூன்றாவதுதான் அதிகம் வலிப்பது. அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

பொதுவாக "எல்லாம் பாத்துக்கலாம்மா" என்றால் அவர் நம்ப மாட்டார். தங்கும் அறையின் படத்தைக் காட்டுங்கள். வழியில் எங்கெங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். மற்றவர்களின் விருப்பம் அதன் பிறகு. திட்டமெல்லாம் போட்டு முடித்துவிட்டு, "அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது" என்று கடைசியில் யோசித்தால், எந்த ஊருக்குப் போனாலும் அவர் சுமையாகத்தான் உணர்வார்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, உட்காராமல் அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று தெருவில் கூடவே நடந்து பாருங்கள். தெருமுனைக் கடை வரைதான் என்றால் அதுதான் உங்கள் பயணத்தின் அளவுகோல். வெளியூரில் அதில் பாதிதான் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊருக்குப் போகலாம்?

முதல் முறை என்றால் தயங்காமல் புதுச்சேரி. காரணம் அந்தக் கடற்கரைச் சாலை. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சமதளம். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சக்கர நாற்காலியைச் சாலையின் நடுவிலேயே நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு போகலாம். கால் மணலில் படாமலே கடல் பக்கத்தில் வந்துவிடுகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் உட்காரலாம், மறுபடி நடக்கலாம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவிடம் எல்லாம் அந்த வழியிலேயே வந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: 6 மணிக்குத் தடுப்பு போட்டுவிட்டால் கார் உள்ளே வராது. அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். திரும்பும்போது எந்தக் குறுக்குத் தெருவில் வண்டி நிற்கும் என்று ஓட்டுநரிடம் பேசிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடும். அன்று அந்தப் பக்கம் நாற்காலியோடு போக வேண்டாம். சுண்ணாம்பாறு வழியாகப் போகும் பாரடைஸ் கடற்கரை அழகுதான், ஆனால் படகில் ஏறி இறங்கி மணலில் நடக்க வேண்டும். அதை விட்டுவிடலாம்.

அடுத்தது மாமல்லபுரம். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் என்பதால், பாதி வழியில் முடியாமல் போனாலும் திரும்பிவிடலாம் என்ற தைரியம் கிடைக்கும். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறைச் சிற்பத்தை, யானைக் கூட்டமும் தவம் செய்யும் பூனையுமாக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுசாகப் பார்க்கலாம், கட்டணமும் கிடையாது. கடற்கரைக் கோயிலுக்கு நுழைவாயிலிலிருந்து நல்ல பாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் தூரம் அதிகம். வாக்கர் வைத்திருப்பவருக்கும் அங்கே சக்கர நாற்காலி தேவைப்படும். ஐந்து ரதங்கள் இருக்கும் இடம் மணல் தரை. உள்ளே போக முடியாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது தரங்கம்பாடி. புதுச்சேரியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே. டேனிஷ்காரர்கள் 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் அச்சடித்தது இங்கேதான். ஊர் வாயிலில் தொடங்கி, 1718இல் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம், பழைய வீடுகள், கோட்டை என்று எல்லாம் ராஜ வீதி ஒன்றிலேயே அடங்கிவிடும். வண்டியை நடை வேகத்தில் விட்டால் காரிலிருந்தபடியே பார்த்து முடிக்கலாம். கோட்டைக்குள் படிகள் உண்டு. வெளியே மைதானத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கோட்டை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். கூட்டம் இல்லை. ஓய்வு என்றால் இதுதான் ஓய்வு. குறை என்னவென்றால் பெரிய மருத்துவமனை, மருந்துக்கடை என்றால் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ போக வேண்டும்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு: தனுஷ்கோடியை விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள். 1964 புயலில் அழிந்த ஊரின் சிதிலங்களைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் வர, நிலம் முடியும் இடம் வரைக்கும் காரிலேயே போகலாம். நடக்கவே முடியாதவர்களுக்கும் கிடைக்கக்கூடிய பெரிய காட்சி இது. காலையிலேயே போய்விடுங்கள். காற்று மணலை அள்ளி வீசும், வெயிலுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு "இனிமேல் நடந்தே போய்விடலாமாமே" என்று சிலர் கிளம்புகிறார்கள். பாலம் இரண்டு பாறைகளுக்கு இடையில்தான். கரையிலிருந்து போக இன்றும் படகுதான், வரிசையும் படிகளும் அப்படியேதான். முழங்கால் மடங்காதவர்களை ஆடும் படகில் ஏற்றாதீர்கள்.

மணலில் சக்கர நாற்காலி போகுமா?

சாதாரண நாற்காலி போகாது. முன்னாலிருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்களும் மணலில் புதைந்து நிற்கும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் கவிழ்வார். கொஞ்ச தூரம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே வரும்படி பின்பக்கமாக இழுங்கள். ஒருவர் கைப்பிடிகளைப் பிடித்து லேசாகப் பின்னால் சாய்த்து இழுக்க, இன்னொருவர் கால்மிதிப் பக்கம் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கால்மிதித் தட்டையே பிடித்துத் தூக்காதீர்கள், அது கையோடு கழன்று வரும். உட்கார்ந்திருப்பவரின் முகம் கரையைப் பார்த்துத்தான் இருக்கும். நீர் ஓரத்தில் ஈரமான இறுகிய மணல் வந்ததும் திருப்பிக்கொள்ளலாம். சரிவில் இறங்கும்போதும் இதே முறைதான்: தள்ளுபவர் கீழே, நாற்காலி பின்பக்கமாக இறங்க வேண்டும்.

இவ்வளவும் இல்லாமல் அலை வரை போகச் சென்னையிலேயே வழி உண்டு. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்கென்று 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். பெசன்ட் நகரிலும் அதே மாதிரி ஒரு பாதை வந்திருக்கிறது. புயல், பெருமழைக்குப் பிறகு போவதானால் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம், புதுச்சேரிக்கு அருகே ஈடன் கடற்கரை இரண்டும் 2021இல், சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றவை. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் அந்தச் சான்றிதழின் அளவுகோல்களில் ஒன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் இது.

அறை பதிவு செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

"வீல்சேர் வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். ரிசப்ஷனில் ஒரு நாற்காலி மடக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை கேளுங்கள். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி? லிஃப்ட் உண்டு என்றால் லிஃப்டுக்குப் போக எத்தனை படி? பல இடங்களில் நாலு படி ஏறித்தான் லிஃப்டையே பிடிக்க வேண்டியிருக்கும். சாய்தளம் இருக்கிறதென்றால் எவ்வளவு நீளம்? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது முறையான சரிவு. மூன்று படி உயரத்தை நாலடிப் பலகையில் சரித்துப் போட்டிருந்தால் அது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவும்.

அறையைவிடக் குளியலறை முக்கியம். கதவின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். சாதாரணச் சக்கர நாற்காலி 24 முதல் 26 அங்குல அகலம் இருக்கும். லாட்ஜ் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் அதே அளவு அல்லது அதற்கும் குறைவு. நாற்காலி நுழையாதென்றால் கதவிலிருந்து கழிப்பறைப் பீங்கான் வரை எட்டிப் பிடிக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள். அது ஆள் பாரம் தாங்க அடித்த கம்பி இல்லை. வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு திட்டு கட்டியிருப்பார்கள். இரண்டு அங்குலம்தான், ஆனால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இடறுவது அங்கேதான். ஒரு சின்ன இரவு விளக்கைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் போனில் விளக்க அங்கிருப்பவருக்குப் பொறுமை இருக்காது. வாசலில் தொடங்கி அறைக்குள் நுழைந்து குளியலறை வரை நடந்தபடி ஒரு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி கொடுப்பார்கள். சோப்புத் தண்ணீரில் அதன் கால்கள் வழுக்கிப் பிளந்துகொள்ளும். அடியில் ரப்பர் மாட்டிய குளியல் முக்காலி, ரப்பர் மிதியடி இரண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். மடக்கும் கொமோட் நாற்காலி பயன்படுத்துபவர்களானால் அதுவும் வரட்டும், கூச்சம் வேண்டாம்.

பெரிய கடலோர விடுதிகளில் இன்னொரு சிக்கல்: குடில் ஓர் ஓரம், உணவகம் இன்னோர் ஓரம், நடுவே ஏக்கர் கணக்கில் புல்வெளி. உணவகத்துக்குப் பக்கத்து அறையைக் கேளுங்கள், அல்லது பேட்டரி வண்டி உண்டா என்று கேளுங்கள்.

ரயிலா, காரா?

புதுச்சேரி வரை கார். அதற்கு அப்பால் ரயிலையும் யோசியுங்கள்.

ரயிலில் கீழ்ப்படுக்கைக்கு ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் 60 வயது நிரம்பிய ஆண்களும் 45 வயது நிரம்பிய பெண்களும் பதியலாம், ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் துணையின்றிப் பயணிக்க முடியாத உடல் ஊனமுற்றோருக்கான சலுகை தொடர்கிறது: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம், இரண்டடுக்கிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50 சதவீதம். கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. ரயில்வேயின் அடையாள அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்தால் ஆன்லைனிலேயே பதியலாம். எழும்பூர், சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியும் பேட்டரி காரும் கிடைக்கும். இறங்கும் ஊர் சின்ன நிலையமானால் வண்டி எந்த நடைமேடைக்கு வரும், மேம்பாலம் ஏற வேண்டுமா என்பதுதான் கேள்வி. உள்ளூர் ஆட்டோக்காரரைக் கேட்டால் சரியான பதில் சொல்வார்.

கார் என்றால் இருக்கையின் உயரம் பாருங்கள். தாழ்வான காரில் எழுந்திருப்பது கஷ்டம், மிக உயரமான வண்டியில் ஏறுவது கஷ்டம். எர்டிகா மாதிரி நடுத்தர உயரம் பலருக்கு ஒத்துவரும். முன்னிருக்கையை முழுசாகப் பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்காரவைத்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை விரித்தால் எளிதாகத் திரும்புவார். வண்டி கிளம்புமுன் அதை உருவிவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் போடும்போது வழுக்குவார். வாடகை வண்டி பேசும்போது சிஎன்ஜி வண்டியா என்று கேட்க மறக்காதீர்கள். டிக்கியில் சிலிண்டர் இருந்தால் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்காது.

எந்த மாதம், எந்த நேரம்?

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத் தரையும் பெரியவர்களும் சேரக் கூடாது. காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரைக்கும் போகாதீர்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். மற்ற நாட்களில் அந்த ஊர் சமதளமாக, வசதியாகவே இருக்கும்.

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதித்து முதுகுப் பக்கம் மறைகிறது. அதனால் மாலை நான்கரைக்கு மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது. கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம்?

ஒன்று. காலையில் ஓர் இடம், மதியம் தூக்கம், மாலையில் கடல். மாலைக் கடலை நான் இடக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்காகத்தான் வந்திருக்கிறோம். ஊர் மாறிக்கொண்டே இருப்பதைவிட ஒரே அறையில் மூன்று இரவு தங்குவது மேல். புது அறையில் கழிப்பறை எங்கே, ஸ்விட்ச் எங்கே என்று பெரியவர்களுக்குப் பழகவே ஒரு நாள் ஆகும்.

பேரப்பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாதா?

மணலும் தண்ணீரும் இருக்கும்வரை தட்டாது. பாதுகாப்பில்தான் கவனம் வேண்டும். வங்கக் கடலோரத்தில் இழுப்பு அதிகம். முழங்காலளவுத் தண்ணீரிலேயே காலை வாரும். பாட்டியைப் பார்த்துக்கொள்பவரே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம். இவர் பாட்டியோடு, இவர் பிள்ளைகளோடு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை மாறுங்கள். எப்போதும் மருமகளே கரையில் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது. அவருக்கும் இது விடுமுறைதான்.

கோயில் இல்லாமல் அப்பா வரமாட்டார். என்ன செய்வது?

பெரிய கோயில்களில் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள், அலுவலகத்தில் கேளுங்கள். ராமேஸ்வரத்தின் நீண்ட பிரகாரங்கள் தள்ளிக்கொண்டு போகத் தோதானவை. ஆனால் 22 தீர்த்தங்களும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மறுத்துவிடுங்கள். கிணற்றுக்குக் கிணறு ஈரக் கல்லில் கூட்டத்தோடு நடப்பது அது. தீர்த்தத்தை ஒரு பாத்திரத்தில் வாங்கி வந்து தலையில் தெளித்தால் போதும். திருச்செந்தூரில் நாழிக்கிணறுக்குப் படி இறங்க வேண்டும், அங்கும் அதேதான்.

மருந்து, தண்ணீர், சாப்பாடு?

கழிப்பறைக்குப் பயந்து பெரியவர்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். மயக்கம் அதில்தான் வரும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறக்கி நாலடி நடக்கவையுங்கள். கால் வீக்கமும் குறையும். நீர் மாத்திரை சாப்பிடுபவரானால் பயண நாளில் எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இளநீர் எல்லோருக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம்: அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. இன்சுலினை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; ஐஸ் கட்டிமேல் நேராகவும் வைக்காதீர்கள்.

மருந்துகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில்.

அவசரம் என்றால்?

108. ஆம்புலன்ஸ் எண் தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த அன்றே, இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ரிசப்ஷனில் கேட்டு வையுங்கள். நோய்கள், மருந்துகள், அளவு, ஒவ்வாமை, மருத்துவர் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி பெரியவரின் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ இருக்கட்டும். உங்கள் போனில் இருந்தால், போனோடு நீங்கள் கடலோரம் போயிருக்கும் நேரத்தில் பயன்படாது.